இந்த வாரம் யாரைப் பார்த்தீர்கள்?

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் தளத்தில் எல்லாரும் வீட்டில் இருப்போம். கதவுக்கு மேலே பதித்திருக்கும் சாம்பல் நிறப் பெட்டியில் பச்சை விளக்கு எரியும். பிறகு ஆஸ்பத்திரி வரவேற்பறையில் கேட்பது போன்ற ஒரு பெண் குரல் பதினைந்து வீடுகளிலும் ஒரே நேரத்தில் எழும்.

"வணக்கம். அண்டை பேசுகிறேன். உங்கள் தளத்தில் இந்த வாரம் யாரைப் பார்த்தீர்கள்?"

பார்த்தவர்கள் பெயரைச் சொல்லுவோம். படுத்துக் கிடப்பவர் யார், வெளியூர் போனவர் யார், யாருக்கு உதவி வேண்டும் என்று சொல்லுவோம். குரல் நன்றி சொல்லும், விளக்கு அணையும். எந்த வீட்டுக் குழாயில் தண்ணீர் வரும், யாருக்கு மருந்து வரும், எந்த வாசலுக்கு ஆம்புலன்ஸ் வரும் என்பதெல்லாம் அந்தப் பெயர்களை வைத்தே முடிவாகும்.

மக்களின் முகங்களும் கைரேகைகளும் மொத்தமாகக் களவு போன வருடத்தில் நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். ஒரே ஆளின் கண்ணைக் காட்டி ஆயிரம் பேர் அரிசி வாங்கினார்கள். அதன்பிறகு ரேகையும் கேமராவும் சட்டப்படி ஒழிந்தன. ஒருவர் யார், இருக்கிறாரா இல்லையா என்பதற்கு அக்கம்பக்கத்தாரின் வாக்கே சான்று என்று ஆனது. எங்கள் ஊருக்கு அது மிகவும் பிடித்திருந்தது. கடல் எங்கள் குப்பத்தை எடுத்துக்கொள்ள, அரசு எங்களை நாகைக்கு வடக்கே இந்த எட்டு மாடித் தொகுதிக்குள் அடுக்கிய பிறகும் நாங்கள் ஊராகத்தான் இருந்தோம். ஊர்த்தலைவராக நாட்டார் இருந்தார். கூட்டம் இருந்தது. கட்டுப்பாடு இருந்தது.

அந்த ஞாயிறு நான் பதின்மூன்று வீட்டுப் பெயர்களைச் சொன்னேன். எதிர்வீட்டை விட்டுவிட்டேன். எல்லாரும் விட்டுவிட்டார்கள். அது ஒன்பதாவது ஞாயிறு.

எதிர்வீட்டில் குணாளனும் அவன் மனைவி பூங்கோதையும் இருந்தார்கள். குணாளன் படகு எஞ்சின் பழுது பார்ப்பவன். அவன் செய்த குற்றம், அண்டையிடம் ஒரு உண்மையைச் சொன்னது.

எங்கள் பக்கத்து வீட்டுச் சிங்காரவல்லி சித்தியின் கணவர் தங்கமணி சித்திரையில் சிறுநீரகம் கெட்டு இறந்துபோனார். தனி ஆளாகிவிட்டால் சித்தியைத் திருவாரூர்ப் பக்கம் இருக்கும் தனியர் விடுதிக்கு அனுப்பிவிடுவார்கள். கடலைப் பார்க்காமல் ஒருநாள் இருந்தறியாத மனுஷி. ஆகவே ஊர் கூடித் தங்கமணியை எரித்தது. ஊர் கூடி மறைத்தது. ஞாயிறுதோறும் "தங்கமணி சித்தப்பாவைப் பார்த்தோம், படுத்திருக்காரு" என்று சொன்னோம். நானும் சொன்னேன். சொல்லும்போது மனம் நிறைந்திருந்தது.

ஐந்தாவது மாதம் குணாளன், "அவர் செத்துட்டாரு" என்று பெட்டியிடம் சொல்லிவிட்டான். பொய்ச் சாட்சிக்குத் தண்டனையாக வளாகத்தின் மூன்று தொகுதிகளுக்கும் தண்ணீர் நாளுக்கு ஒரு மணி நேரமாகக் குறைந்தது. சித்திக்குப் பொங்கலோடு வீட்டைக் காலி செய்யச் சொல்லி உத்தரவு வந்தது.

கூட்டத்தில் குணாளன் கைகட்டி நின்று சொன்னான்: "தங்கமணி மாமாவுக்கு ஒதுக்குன டயாலிசிஸ் படுக்கை வாரத்துக்கு ரெண்டு நாள் சும்மா கெடந்துச்சு. மூணாம் தொகுதியில ஒருத்தரு அதுக்காகக் காத்துக் கெடந்து போய்ச் சேந்தாரு. அவரு பொண்டாட்டி எங்கிட்ட எஞ்சின் ரிப்பேருக்கு வருது. நா எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அதப் பாக்குறது?"

ஆனால் ஊரைக் காட்டிக்கொடுத்தவனை ஊர் சும்மா விடாது. திருவிழா வரைக்கும் ஒதுக்கிவைப்பதென்று நாட்டார் தீர்ப்புச் சொன்னார். பேச்சு கிடையாது. கொடுக்கல் வாங்கல் கிடையாது. பேரை வாயால் எடுக்கக் கூடாது.

குப்பத்தில் இருந்தபோதும் இப்படி ஒதுக்கிவைத்திருக்கிறோம். அங்கே ஒதுக்கப்பட்டவர்களுக்கும் கடல் இருந்தது, காற்று இருந்தது. இங்கே பெயர் போனால் என்னென்ன போகும் என்று யாரும் யோசிக்கவில்லை.

ஒன்பதாவது ஞாயிறு முடிந்து திங்கட்கிழமை எதிர்வீட்டுக் குழாய் நின்றது. கதவுக்கு மேலிருந்த பெட்டி அணைந்தது. மறுநாள் விடியும்போது அவர்கள் வாசலில் ஏழு குடம் தண்ணீர் இருந்தது. ஏழு வீடுகளிலிருந்து ஒவ்வொருத்தி, அந்தக் கதவுக்கு முதுகைக் காட்டியபடியே பின்னால் நடந்துபோய்க் குடத்தை இறக்கிவிட்டு வந்திருந்தாள். பார்க்காமல் வைத்தால் பார்த்ததாகாது. ஏழில் ஒன்று என்னுடையது.

அந்த வாரம் ரெஹானா என்ற அதிகாரி வீட்டை வேறு குடும்பத்துக்கு ஒதுக்குவதற்காக அளவெடுக்க வந்தார். நான் மாடி நடையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டுக் கதவைத் திறந்து பூங்கோதை வெளியே வந்தாள். நிறைமாதம். ஒரு கையால் இடுப்பைத் தாங்கியிருந்தாள்.

"யாரும் இல்லன்னு எழுதியிருக்கு" என்றார் ரெஹானா.

"நா பேய் மேடம்" என்றாள் பூங்கோதை. "ஒம்போது மாசப் பேய். இட்டிலி கூடத் திங்கும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். ரெஹானா சிரிக்கவில்லை.

"மேடம், நீங்களே கண்ணால பாக்குறீங்க. எழுதிக்குங்களேன்" என்றேன்.

"நா பாக்குறது சாட்சி இல்லம்மா. நா இந்தத் தளத்துல குடியிருக்கல. ஒம்போது வாரம் யாருமே பாக்கலன்னா வீடு காலி. திரும்பச் சேக்கணும்னா அதே மாதிரி ஒம்போது வாரம், பதினாலு வீட்ல எட்டு வீடாவது பாத்தேன்னு சொல்லணும்."

"இவளுக்கு ஒம்போது நாள்கூடத் தாங்காது. மிஷினு கொஞ்சம் சந்தேகப்பட்டிருக்க வேணாமா?"

ரெஹானா அளவு நாடாவைச் சுருட்டினார். "சந்தேகப்படும். சண்டை போட்டுக்கிற தளமா இருந்தா ஆளுக்கொண்ணு சொல்வாங்க, அப்ப மறுகேள்வி கேக்கும். நீங்க பதினாலு வீடும் ஒரே பதிலச் சொல்றீங்க. கல்யாணம், காதுகுத்து, சாவு, எல்லாத்துக்கும் மொத்தமாப் போறீங்க. இந்த மாவட்டத்துலயே உங்க ஊருக்குத்தான் ஒட்டு அதிகம்னு அது கணக்குப் போட்டு வச்சிருக்கு. அவ்ளோ ஒத்துமையா இருக்கவங்க ஒரு வீட்டையே மறப்பாங்கன்னு அது நெனைக்காது."

"நாங்க மறக்கல" என்றேன்.

"அது எனக்குத் தெரியும்மா" என்றார் அவர். போகும்போது பூங்கோதையின் வயிற்றை ஒருமுறை பார்த்தார். "ஆஸ்பத்திரியிலயும் யார் வீடுன்னுதான் கேப்பாங்க. பாத்துக்குங்க."

அன்று மாலையே லிஃப்டுக்காகக் காத்து நின்ற நாட்டாரைப் பிடித்துக்கொண்டேன். எழுபது வயது, வெள்ளைச் சட்டை. கடல் வந்த நாளில் பதினோரு பிள்ளைகளைத் தோளில் தூக்கிக் கரை சேர்த்தவர்.

"திருவிழாவுக்கு இன்னும் மூணு வாரந்தான் மேகலா. சபையில வந்து விழுந்து எந்திரிச்சான்னா முடிஞ்சுபோச்சு."

"நெறமாசம் நாட்டாரே."

"அவளா வந்து விழணும்? அவந்தான?"

"அவரு வரமாட்டேங்குறாரு."

"அப்ப ஊரு போயி அவன் கால்ல விழணுமா?" லிஃப்ட் வந்தும் அவர் ஏறவில்லை. "ஒருத்தனுக்காக ஒரு தடவ கட்டு அவுந்துச்சுன்னா, அப்புறம் நாம ஊரு இல்ல. சும்மா அடுக்கி வச்ச நூறு வீடு. அவ்ளோதான். எனக்கு மட்டும் அந்தப் புள்ள மேல இரக்கம் இல்லன்னு நெனைக்கிறியா?"

அவருக்கு இரக்கம் இருந்தது. ஏழு குடத்தில் ஒன்று அவர் மருமகள் வைத்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை பகல் இரண்டு மணிக்கு எதிர்வீட்டிலிருந்து சத்தம் வந்தது. என் கணவர் கலைமணி கடலுக்குப் போயிருந்தார். நான் கதவைத் திறந்தேன். குணாளன் மாடி நடையின் நடுவில் நின்றுகொண்டு, அணைந்துபோன பெட்டியைப் பார்த்து, "ஆம்புலன்ஸ், ஆம்புலன்ஸ்" என்று கத்திக்கொண்டிருந்தான். பதினான்கு கதவுகளும் திறந்தன. பதினான்கு பேரும் தரையைப் பார்த்தோம்.

உள்ளே பூங்கோதை சுவரைப் பிடித்து நின்றிருந்தாள். பாவாடை நனைந்திருந்தது. தண்ணீர் மட்டும் இல்லை, ரத்தமும். என்னை நேராகப் பார்த்து, "அக்கா, ஒரு தடவ பாருங்களேன்" என்றாள்.

நான் பார்த்தேன். அதோடு எல்லாம் முடிந்தது, அல்லது தொடங்கியது.

என் வீட்டுக்குள் ஓடிப் பெட்டியின் சிவப்புப் பொத்தானை அழுத்தினேன்.

"அண்டை பேசுகிறேன். யாருக்கு உதவி வேண்டும்?"

எதிர்வீட்டில் என்று சொன்னால் அந்த வீடு காலி என்று சொல்லும். அது எனக்குத் தெரியும். அந்த ஒரு நொடியில் எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை.

"எனக்குத்தான். மேகலா. பிரசவ வலி."

"நீங்கள் கர்ப்பமாக இருப்பதாக யாரும் சொன்னதில்லையே?"

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"கண்ணு பட்டுரும்னு நாங்கதான் சொல்லல." சிங்காரவல்லி சித்தி என் வாசலில் நின்றிருந்தார். குணாளனால் வீடு இழக்கப்போகிற அதே சித்தி. "கல்யாணமாயி எட்டு வருசம் கழிச்சு உண்டாயிருக்கா. ஊருக்கெல்லாம் தண்டோரா போடுவாங்களா? நா பக்கத்து வீட்டு சிங்காரவல்லி பேசுறேன். வண்டிய அனுப்பு மொதல்ல."

பெட்டி கொஞ்சம் தாமதித்தது. "உங்கள் பகுதியில் அப்படி ஒரு நம்பிக்கை இருப்பதை அறிவேன். வாழ்த்துகள் மேகலா. வாகனம் புறப்பட்டுவிட்டது."

உண்மையில் நானும் கலைமணியும் பிள்ளை வேண்டாம் என்று முடிவு செய்து பல வருடங்கள் ஆகியிருந்தன. சித்திக்கு அது தெரியும். அதைச் சொல்லிச் சொல்லித்தான் என்னைத் தினமும் திட்டுவார்.

பூங்கோதையை என் வீட்டுக்குத் தூக்கி வந்தோம். என் சேலையைச் சுற்றினோம். வண்டி ஆட்கள் வந்து, "இவங்க யாரு?" என்று கேட்டார்கள். "மேகலா" என்றார் சித்தி. பதின்மூன்று வாசல்களிலிருந்தும் ஒருவரும் மறுக்கவில்லை. நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சித்தி கூடவே ஏறிப் போனார். குணாளனை ஏற்றவில்லை. அவன் யாருமில்லை. ஏழு மாடியும் இறங்கி, வண்டிக்குப் பின்னால் ரோட்டில் ஓடினான் என்று பிறகு சொன்னார்கள்.

ஐந்தரை மணிக்குக் கலைமணி வந்தார். நடந்ததை நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பெட்டியில் வெள்ளை விளக்கு எரிந்தது. அது சாவுக்கு எரிகிற விளக்கு; குணாளன் சொன்ன பிறகு தங்கமணிக்கு எரிந்து பார்த்திருக்கிறேன்.

"கலைமணி அவர்களே, உங்கள் மனைவி மேகலா, வயது முப்பத்தொன்று, பிரசவத்தில் ரத்தப்போக்கு அதிகமாகி மாலை ஐந்து பத்துக்குக் காலமானார். பெண் குழந்தை நலமாக இருக்கிறது. உங்கள் துயரத்தில் தளம் முழுவதும் பங்கு கொள்ளும்."

கலைமணி என் கையைப் பிடித்துக்கொண்டார். விடவே இல்லை. மற்ற வீடுகளிலும் அதே குரல் அதே செய்தியைச் சொல்வது சுவர்கள் வழியாகக் கேட்டது. நான் செத்த செய்தி நடையின் கடைசி வரை போய்ச் சேர்ந்தது.

ஊர் துக்கத்துக்கு வந்தது. பழக்கம் அப்படி. யாரும் யாரையும் அழைக்கவில்லை. வந்து என் வீட்டுத் தரையில் உட்கார்ந்தார்கள். நான் அவர்கள் நடுவில் உட்கார்ந்திருந்தேன். பெண்கள் என்னைக் கட்டிக்கொண்டு பூங்கோதைக்காக அழுதார்கள். அவள் பெயரைச் சொல்லி அழுதார்கள். ஒன்பது வாரங்களுக்குப் பிறகு அந்தப் பெயர் அன்றுதான் எங்கள் தளத்தில் கேட்டது.

மறுநாள் உடலைக் கலைமணியிடம் கொடுத்தார்கள். குணாளன் கொள்ளி வைத்தான். சுடுகாட்டிலேயே நாட்டார் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு அவன் முன்னால் போய், "கட்டுப்பாடு நீங்கிருச்சு தம்பி" என்றாராம். குணாளன் அவர் சொன்னது காதில் விழாதவன்போல நெருப்பையே பார்த்துக்கொண்டிருந்தானாம்.

வியாழக்கிழமை ரெஹானா குழந்தையோடு வந்தார். என்னைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார். என்னை ஞாபகம் இருந்தது. பிறகு, நாட்டாரும் சித்தியும் உட்கார்ந்திருந்த எங்கள் வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினார்.

"தங்கமணி விஷயத்துக்கப்புறம் ஒரு விதி வந்திருக்கு" என்றார். "சாவு நடந்தா, வர்ற ஞாயித்துக்கிழம செத்தவங்களப் பாத்தீங்களான்னு தளம் முழுக்கக் கேக்கும். ஒரே ஒருத்தர் பாத்தேன்னு சொன்னாலும் சாவு ரத்தாகி விசாரணை வரும். யாருமே சொல்லலன்னா முடிஞ்சுது. அதுக்கப்புறம் திருத்த வழியே இல்ல."

"ஒருத்தர் என்ன, ஊரே சொல்லும்" என்றார் நாட்டார். "மேகலாவ முழுசா உசுரோட பாத்தோம்னு சொல்லுவோம்."

"சொல்லுங்க. அப்ப ஆஸ்பத்திரியில செத்தது யாரு?"

"பூங்கோதை."

"பூங்கோதைன்னு ஒருத்தர் இல்லியே. ஒம்போது வாரம் நீங்கதான் இல்லன்னீங்க. இப்பத் திரும்பச் சேக்கணும்னா ஒம்போது வாரம் அவங்களப் பாக்கணும். எங்க பாப்பீங்க?" ரெஹானாவின் குரல் உயரவில்லை. "அவங்க இல்லன்னா, இந்தக் குழந்தை யாருக்கும் பொறக்கல. யாருக்கும் பொறக்காத குழந்தைய அரசு இல்லத்துக்குக் கொண்டுபோகணும். குணாளன் வீடு காலி வீடு. அவருக்குக் குடுக்க முடியாது. அவரு ஒம்போது வாரம் கழிச்சு ஆளாயி வர்றதுக்குள்ள அது எந்த ஊருக்குப் போயிருக்கும்னு எனக்கே தெரியாது. அங்க பிள்ளைங்களுக்குப் பேரு வைக்கறதில்ல, நம்பர்தான்."

"மேகலா செத்தவளாவே இருந்தா?" என்று கேட்டார் சித்தி.

"தாயில்லாத பிள்ளைன்னு பால், மருந்து எல்லாம் இந்த வீட்டுக்கே வரும்." அவர் குழந்தையை என் மடியில் வைத்தார். "நா ஒண்ணும் சொல்லல. நா இந்தத் தளத்துல குடியிருக்கல."

வெள்ளியும் சனியும் நானும் கலைமணியும் சண்டை போட்டோம். அதுவரை அப்படிப் போட்டதே இல்லை.

"ஊரான் பிள்ளைக்காக நீ சாவியா?"

"ஏற்கெனவே செத்துட்டேங்க."

"வெளையாடாத மேகலா. நாளைக்கு ஒனக்குக் காய்ச்சல் வந்தா வைத்தியம் இல்ல. புயல் வந்தா ஒன்ன ஏத்த வண்டி இல்ல. சாகுறப்பகூட நீ சாகமுடியாது. எங்க வச்சு எரிப்பேன் ஒன்ன?"

"ஒதுக்கி வச்சப்ப ஒம்போது வாரம் நீங்களும் நானும் அவ பேர சொல்லல. அப்ப இதெல்லாம் அவளுக்கும் இல்லாமத்தான போச்சு?"

அவர் வெளியே போய்விட்டார். திரும்பி வந்தபோது கையில் பால்புட்டி இருந்தது. அதைக் கொதிநீரில் போட்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் குணாளன் வந்தான். அவன் எங்கள் வீட்டுக்குள் வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. குழந்தையைத் தூக்கவில்லை. அதன் பாதத்தை ஒரு விரலால் தொட்டான். எஞ்சின் எண்ணெய் ஏறிப்போன விரல்.

"அண்ணி, பொய் சொல்லுங்கன்னு நா கேக்கமாட்டேன்" என்றான்.

நான் குழந்தையை மறு தோளுக்கு மாற்றினேன்.

"உண்மையச் சொல்லுங்கன்னும் எனக்கு இப்ப வாய் வரல" என்றான். முகத்தை முழங்கையால் மூடிக்கொண்டு அப்படியே நின்றான். நான் அவனிடம் ஏதாவது சொல்லியிருக்கலாம். எனக்குக் கோபம்தான் வந்தது. அவன்மேலா, ஊர்மேலா, காலை உதைத்துக்கொண்டிருந்த அந்தச் சின்ன உயிர்மேலா என்று பிரித்துப் பார்க்க முடியாத கோபம்.

ஞாயிறு காலை பத்து மணிக்குப் பச்சை விளக்கு எரிந்தது.

"வணக்கம். அண்டை பேசுகிறேன். கலைமணி அவர்களே, ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு மேகலாவைப் பார்த்தீர்களா?"

கலைமணி என்னைப் பார்த்தார். நான் ஜன்னலோரம் குழந்தையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெயில் என் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. இத்தனை வருடங்களில் அவர் என்னை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. நான் தலையை இருபக்கமும் மெதுவாக அசைத்தேன்.

"பாக்கல" என்றார்.

"நன்றி. குழந்தையைப் பார்த்தீர்களா?"

"பாத்தேன்."

விளக்கு அணைந்தது. இந்தக் கேள்வியை மட்டும் அது வீடு வீடாகக் கேட்டது. எங்கள் தொகுதியின் சுவர்கள் மெல்லியவை. பக்கத்து வீட்டில் சித்தி மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "பாக்கல" என்று சொன்னார். அதற்கடுத்த வீட்டில் ஒரு ஆண் குரல், பாக்கல. அதற்கடுத்து, பாக்கல. இந்த முறை நாட்டார் கூட்டம் போடவில்லை, தீர்ப்புச் சொல்லவில்லை. நான் என்ன முடிவெடுத்தேன் என்று யாருக்கும் சொல்லவும் இல்லை. கலைமணி சொன்ன ஒரு சொல் சுவர் வழியே கேட்டிருக்கும். அது போதுமாக இருந்தது. நடையின் கடைசியில் நாட்டார் வீட்டில் கொஞ்சம் தாமதமானது. பிறகு அங்கேயும் கேட்டது.

எதிர்வீட்டில் மட்டும் பெட்டி இருண்டு கிடந்தது. குணாளன் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு வாசற்படியில் நின்றிருந்தான். அவனை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பான் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.